மலையில் வானத்தை நம்பாதீர்கள்: வன்னியிலிருந்து முதல் தடவை ஏறப் போகிறவர்களுக்கு

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு மழை வருவதைப் பார்க்கத் தெரியும். குளக்கட்டில் நின்றால் அலைகரைக்கு அப்பால் இருட்டுக் கட்டுவதும், மழை வயலைத் தாண்டி நெருங்கி வருவதும் கண்ணுக்குத் தெரியும். காயப்போட்ட நெல்லைக் கூட்டி அள்ளித் தறப்பாளால் மூட அரை மணி நேரமாவது கிடைக்கும். மலையில் அந்த அரை மணி கிடைக்காது. எதிரே நிற்கும் முகடு அடிவானத்தை மறைத்துவிடுகிறது. மறுபக்கச் சரிவில் ஒரு மணி நேரமாகத் திரண்ட முகிலை, அது முகட்டைத் தாண்டித் தலைக்கு மேல் வந்த பிறகுதான் காண்பீர்கள். வானம் நீலமாக இருக்கிறது என்பதால் மலையில் எதுவும் நிச்சயமில்லை. அங்கே முடிவெடுக்க வேண்டியது மணிக்கூட்டைப் பார்த்து.

வெடுக்குநாறி மலையிலும் குருந்தூர் மலையிலும் ஏறி இறங்கியவர்கள் கால் பலத்தில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அவை உச்சியிலிருந்து ஓடி இறங்கி ஒதுங்கக்கூடிய குன்றுகள். 2243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையில் நடுவழியில் மழை பிடித்தால் அடிவாரம் ஒரு மணி நேரத்துக்கு மேலான தூரத்தில் இருக்கும்.

முதலில் மாதம்

நாளைத் தெரிவதற்கு முன் மாதத்தைத் தெரியுங்கள். வன்னியின் நாட்காட்டி மலைநாட்டில் தலைகீழாகும். முதல் தடவை போகிறவர்கள் அதிகம் பிழைவிடுவது இதில்தான்.

மே முதல் செப்டெம்பர் வரை எங்களுக்குச் சோளகம். குளம் வற்றும், புழுதி பறக்கும், மழை என்ற பேச்சே இராது. ஓகஸ்ட் விடுமுறையில் பெடியள் சேர்ந்து வான் பிடித்து மலைக்குக் கிளம்புவதும் அதனால்தான். ஆனால் இங்கே புழுதி கிளப்பும் அதே தென்மேல் காற்று, இந்து சமுத்திரத்திலிருந்து அள்ளி வந்த ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டுத்தான் காய்ந்த காற்றாக வன்னிக்கு வருகிறது. மேற்குச் சரிவின் வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். வவுனியாவில் பெய்வது அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. ஆகவே இங்கே சோளகம் எவ்வளவு மூர்க்கமாக வீசுகிறதோ, சிவனொளிபாதமலைப் பக்கம் அவ்வளவு நனைகிறது என்று கணக்குப் போடலாம். அந்த மலையின் யாத்திரைக் காலமும் டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வழியில் விளக்கும் இல்லை, தேநீர்க் கடையும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை.

புதியவர்களுக்குச் சிவனொளிபாதமலையும் ஹோர்ட்டன் சமவெளியும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. நக்கிள்ஸ் மலைத்தொடர் இரண்டு பருவக்காற்றையும் வாங்கும் இடம். டிசெம்பர், ஜனவரியில் அதன் கிழக்குச் சரிவு நன்றாக நனையும், சோளகக் காலத்தில் ரிவஸ்டன் முகட்டில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத காற்று இருக்கும். அதற்குப் பெப்ரவரி, மார்ச் நல்லது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை அழகாக இருக்கும், பின்னேரம் இடி முழங்கும். அந்த மாதங்களை முதல் ஏற்றத்துக்கு எடுக்கவே வேண்டாம். நவம்பரில் இன்னொரு சேதியும் இருக்கிறது: வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உண்டாகும் காலம் அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வன்னியையும் மலைநாட்டையும் ஒரே நேரத்தில் அடித்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பாதைக் குறிப்புகளை அப்படியே நம்பாமல், போகும் இடத்து ஆட்களிடம் பாதை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மலையகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் நிறைய. அவர்களின் உறவினர் யாராவது அந்தத் தோட்டத்துப் பக்கம் இருந்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் எந்தச் செயலியும் சொல்லாத விவரம் கிடைக்கும்.

குளிரைக் கணக்குப் போடுவது

ஒவ்வொரு 1000 மீற்றர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். வவுனியா கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றர் அளவில் இருக்கிறது. அங்கே விடியற்காலையில் 22 பாகை என்றால், சிவனொளிபாதமலை உச்சியில் 8 பாகையை எதிர்பாருங்கள். தொலைபேசிச் செயலி காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் அடிவார நகரத்துக்குரியது. ஹட்டனுக்கு 16 என்று காட்டினால் உச்சிக்கு இன்னொரு 6 பாகை கழிக்க வேண்டும்.

அத்தோடு காற்று. 10 பாகைக் குளிரில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது 6 பாகையாகத் தெரியும். இதுவும் உலர்ந்த உடம்புக்குத்தான். நனைந்த துணி உடம்போடு ஒட்டியிருந்தால் கணக்கே மாறிவிடும், ஏனென்றால் காற்றை விடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். பனிமழை பெய்யாத நாட்டில் குளிரால் ஆள் சாகுமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 10 பாகையும் மழையும் காற்றும் சேர்ந்தால் போதும்.

பையில் என்ன

பருத்தி வேண்டாம். டெனிம் காற்சட்டை, சாரம், பருத்திப் பெனியன் மூன்றும் நனைந்தால் உடம்பில் இருக்கும்வரை காயாது. அநேகமாக எல்லார் வீட்டிலும் கிடக்கும் விளையாட்டுக் கழக ஜேர்சியே நல்ல உள்ளுடுப்பு. பொலியெஸ்ரர் என்பதால் பிழிந்து போட்டால் நடக்கும்போதே காய்ந்துவிடும். அதற்கு மேலே போட ஒரு கம்பளிச் சுவெற்றர். அது நனையாமல் பைக்குள் இருக்க வேண்டும். வியர்க்க வியர்க்க அதைப் போட்டுக்கொண்டு ஏறுகிறவர், உச்சியில் குளிரும்போது ஈரச் சுவெற்றரோடு நிற்பார். காதை மூடும் தொப்பி ஒன்று, மாற்றுக் காலுறை ஒரு சோடி.

மழைக்கு, மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் போடும் இரண்டு துண்டு மழைக்கோட்டு போதும். மேல்சட்டையும் காற்சட்டையும் தனித்தனியாக இருப்பது அதன் பலம். தலையோடு போர்த்தும் ஒற்றைப் பொலித்தீன் மழைக்கோட்டு முகட்டுக் காற்றில் உப்பி, கால் வைக்கும் இடத்தை மறைக்கும். குடை வீட்டிலேயே இருக்கட்டும்.

பைக்கு வெளியே போடும் உறையை நம்பாதீர்கள். கறுப்புக் குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். ஆளுக்கு இன்னொன்று மடித்துக் கையோடு வைத்திருந்தால், அடியில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு அவசர மழைக்கோட்டாக்கலாம். ஹோர்ட்டன் சமவெளி வாயிலில் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். அங்கே போவதானால் கடையில் விற்கும் நீர்புகாத துணிப் பையை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலு பேருக்கு ஒரு தறப்பாள், 2 மீற்றருக்கு 3 மீற்றர். 10 மீற்றர் நைலோன் கயிறு. தறப்பாள் கட்டுவதை வன்னி ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் ஒன்று. மலையில் அதை வீட்டுக் கூரை மாதிரி உயர்த்திக் கட்டினால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். காற்று வரும் பக்க விளிம்பை நிலத்தோடு சேர்த்துக் கல் வைத்து, மறுபக்கத்தை இடுப்பளவுக்கு மட்டும் தூக்குங்கள். நேரமில்லாவிட்டால் கட்டவே வேண்டாம். நாலு பேரும் பையின் மேல் நெருங்கிக் குந்தி, தறப்பாளைத் தலைக்கு மேலால் இழுத்து விளிம்பைக் காலடியில் மிதித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் உள்ளே சூடு ஏறும்.

தலையில் கட்டும் ரோச் லைட் ஆளுக்கொன்று, மாற்றுப் பற்றரியோடு. தொலைபேசி வெளிச்சத்தில் இறங்கப் பார்த்தால் ஒரு கை போய்விடும், உதவிக்கு அழைக்கப் பற்றரியும் போய்விடும். தொலைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வையுங்கள். குளிர் பற்றரியைத் தின்னும். ஊதல் ஆளுக்கொன்று. தண்ணீர் ஆளுக்கு 2 லீற்றர். சீனி கூடப் போட்ட பிளேன்ரீ ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறைய. எள்ளுருண்டை, கச்சான் அல்வா, பேரீச்சம்பழம் போலக் கையால் எடுத்துக் கடிக்கக்கூடியவை. சோற்றுப் பொதியை மழைக்குள் விரித்துச் சாப்பிட முடியாது. அட்டைக்குக் காலுறைக்கு வெளியே சவர்க்காரம் பூசினால் போதும்.

எல்லாம் சேர்ந்து 8 கிலோவுக்குள் நிற்க வேண்டும். ஒரு தடவை அந்தப் பையைத் தோளில் போட்டு மிகிந்தலைப் படிகளை ஏறிப் பாருங்கள். எதைக் கழிப்பது என்று படியே சொல்லும்.

புறப்படும் முதல் நாள்

இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றைய எதிர்வுகூறல், உங்கள் மாவட்டத்துக்கு அல்ல, போகும் மாவட்டத்துக்கு. மற்றது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கை. அது மூன்று நிறம்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு என்பது பொதுவான அளவு. உள்ளூர் ஆட்களுக்கு மஞ்சள் என்றால் கவனமாக இரு என்று பொருள். உங்களுக்கு அது பயணம் ரத்து. பேருந்துக்குக் கொடுத்த காசும் அறைக்குக் கட்டிய முற்பணமும் மனதை இழுக்கும். அதனால் ரத்துச் செய்யும் அளவை வீட்டில் இருக்கும்போதே குழுவோடு பேசி முடித்துவிடுங்கள். அடிவாரம்வரை போய்விட்ட பிறகு அந்தப் பேச்சு ஒருபோதும் நேர்மையாக நடக்காது.

குழு நாலு பேருக்குக் குறையக்கூடாது. ஒருவருக்கு ஏலாமல் போனால் ஒருவர் கூட இருக்க வேண்டும், இரண்டு பேர் உதவிக்கு இறங்க வேண்டும். வீட்டில் ஒருவரிடம் எந்த வழியால் ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள், எத்தனை மணிவரை அழைப்பு வராவிட்டால் பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். "பின்னேரம் வந்துவிடுவோம்" என்று வாயால் சொன்னால் அம்மாவுக்குப் பயம்தான் மிஞ்சும், தேடுபவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மணிக்கூட்டுக் கணக்கு

புதியவர்களுக்குக் கைக்கணக்கு: மணிக்கு 3 கிலோமீற்றர், அதோடு ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் அரை மணி. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை 7 கிலோமீற்றர், ஏற்றம் ஏறத்தாழ 1000 மீற்றர். நடைக்கு 2 மணி 20 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 40 நிமிடம், ஆக 4 மணி. இறக்கத்துக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் கூட்டி, அதற்கு மேல் 2 மணி நேரம் சும்மா வையுங்கள். மழை அந்த 2 மணியை எடுத்துக்கொள்ளும்.

காலையில் வெயில் பள்ளத்தாக்கைச் சூடாக்க, சூடான ஈரக்காற்று சரிவோடு மேலே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து முகிலாகும். ஹோர்ட்டன் சமவெளியில் 9, 10 மணிக்கே உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பாறை விளிம்பை மூடுபனி மறைப்பது இதனால்தான். இடி உண்டாகும் மாதங்களில் பகல் 1 மணிக்குப் பிறகு முழக்கம் தொடங்கும். ஆகவே உச்சியில் காலை 9 மணிக்கு முன் நிற்க வேண்டும். அதற்கேற்ற நேரத்தில், இருட்டாக இருந்தாலும், புறப்படுங்கள். எங்கே நின்றாலும் 11 மணிக்குத் திரும்ப வேண்டும், உச்சி இன்னும் கால் மணி நேரம்தான் என்றாலும். அந்தக் கால் மணி நேரத்தைச் சொல்பவர் எப்போதும் குழுவில் ஒருவர் இருப்பார். திரும்பும் நேரத்தை முன்கூட்டியே வைப்பது அவரோடு மலையில் வாதாடாமல் இருக்கத்தான்.

இருட்டு மாலை 6 மணிக்கு மேல்தான் என்று இருக்காதீர்கள். மரத்தடிப் பாதையில் 5:30க்கே கல் எது, வேர் எது என்று தெரியாது.

நடக்கும்போது கவனிக்க

தூரத்தில் ஒரு முகட்டையோ கோபுரத்தையோ தெரிந்து வைத்துக்கொண்டு கால் மணிக்கொரு தடவை பாருங்கள். அது மங்கினால் மூடுபனி உங்களை நோக்கி வருகிறது. இதுவரை கீழேயிருந்து மேலே வீசிய காற்று சடாரென நின்று, சில்லென்ற காற்று மேலேயிருந்து இறங்கினால் மழை சில நிமிடத் தூரத்தில். மழைக்கோட்டை முதல் துளிக்கு முன் போடுங்கள். "நனையட்டும், சூடுதானே" என்பது வயல்வெளிப் பழக்கம்.

உயரமானி உள்ள கைக்கடிகாரம் கட்டியிருந்தால் இன்னொரு வழி உண்டு. ஒரே இடத்தில் இருக்கும்போது அது காட்டும் உயரம் கூடினால் காற்றழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். ஆனால் எங்கள் பக்கத்தில் காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 4 மணிவரை அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். 30 மீற்றர்வரை கூடுவது அன்றாடம் நடப்பது. 50 மீற்றருக்கு மேல் போனால்தான் சேதி. குளிர்நாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஒவ்வொரு பகலும் பயப்பட வேண்டாம்.

மூடுபனி பிடித்தால்

நில்லுங்கள். எல்லாரும் ஓரிடத்தில் சேருங்கள், எண்ணிப் பாருங்கள், சுவெற்றரைப் போட்டு அதன் மேல் மழைக்கோட்டைப் போடுங்கள். அரை மணி இருந்து பார்த்தால் பல தடவை திறந்துகொடுக்கும். திறக்காவிட்டால் வந்த வழியால், வந்த தடத்திலேயே திரும்புங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் மாறாமல், குரல் கேட்கும் தூரத்தில். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவுக்குக் கீழே 870 மீற்றருக்கு மேல் பள்ளம். அங்கே மூடுபனிக்குள் படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு ஒரு அடியும் வைக்கக்கூடாது.

வன்னிக் காட்டில் வழி தவறினால் என்ன செய்வோம்? ஓடையைப் பிடிப்போம். தண்ணீர் போகும் பக்கம் நடந்தால் ஒரு குளம் வரும், குளம் வந்தால் ஊர் வரும். அந்த அறிவை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். மலையில் தண்ணீர் போகும் வழி பாறை விளிம்புக்கும் நீர்வீழ்ச்சிக்கும்தான் கொண்டுபோய் விடும். வழுக்கிக்கொண்டு இறங்கிய இடத்தால் திரும்பி ஏறவும் முடியாது. வழி தவறிவிட்டது என்று தெரிந்தால், கடைசியாகத் தெரிந்த இடம்வரை ஏறித் திரும்புங்கள். முடியாவிட்டால் அங்கேயே தங்கி ஊதலை எடுங்கள்: ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் மௌனம், மறுபடி ஆறு. மூன்று ஊதல் பதிலாக வந்தால் உங்களைக் கேட்டுவிட்டார்கள். ஆள் வந்து சேரும்வரை ஊதுவதை நிறுத்தாதீர்கள்.

மின்னல்

மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் முழங்கினால் அது 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தலையில் இறங்கலாம். உச்சியையும் முகட்டையும் விட்டு உடனே இறங்கத் தொடங்குங்கள். கடைசி முழக்கம் கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பி ஏறக்கூடாது.

1. சிவனொளிபாதமலைப் படிகளில் இரும்புக் கைபிடியை விட்டுக் கையை எடுங்கள். கம்பி வேலியிலிருந்தும் விலகுங்கள்.
2. தனி மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள். ஒரே உயரமாக அடர்ந்த சிறு மரங்களுக்குள், தண்டுகளைத் தொடாமல் நிற்பது அதை விட நல்லது.
3. பாறைப் பொந்தின் வாசலில் இருக்காதீர்கள். பாறை வழியே இறங்கும் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயும். திறந்த கொட்டிலும் பாதுகாப்பல்ல. சுவர் உள்ள கட்டடமும் இரும்புக் கூரையுள்ள மூடிய வாகனமும்தான்.
4. ஆளுக்காள் 15 மீற்றராவது விலகுங்கள். ஒரே அடியில் எல்லாரும் விழுந்தால் தூக்க ஆள் இராது.
5. இறங்க வழியே இல்லாவிட்டால், பையின் மேல் இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்துக் குந்துங்கள். கையை நிலத்தில் ஊன்ற வேண்டாம். படுக்கவே கூடாது. இது கடைசி வழி, காப்பு என்று எண்ண வேண்டாம்.

மின்னல் தாக்கியவரின் உடம்பில் மின்சாரம் தங்காது. உடனே தொடலாம், தொட வேண்டும். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். 30 அழுத்தலுக்கு 2 தடவை வாயோடு வாய் ஊதுங்கள். மின்னல் பட்டவர்கள் மற்ற நெஞ்சடைப்புக்காரரை விடப் பிழைத்தெழும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். ஆகையால் கைவிடாமல் செய்யுங்கள்.

ஆறு பெருகினால்

கனகராயன் ஆறு பெருகினால் இரணைமடு நிறையும், வான் பாயும், தண்ணீர் வற்ற நாட்கள் செல்லும். மலை ஓடை அப்படியல்ல. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமலே, மேலே பெய்த மழையால் பத்து, இருபது நிமிடத்தில் கணுக்கால் தண்ணீர் இடுப்புக்கு வரும். மழை விட்டு சில மணி நேரத்தில் அதே வேகத்தில் இறங்கியும் விடும். ஆகவே காத்திருப்பதுதான் கடக்கும் முறை. தெளிந்த தண்ணீர் கலங்கினால், புதிதாகச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் தடித்தால், குளித்துக்கொண்டிருப்பவர்களைச் சட்டை எடுக்கவும் விடாமல் மேட்டுக்கு ஏற்றுங்கள்.

முழங்காலுக்கு மேல் ஓடும் கலங்கல் தண்ணீரைக் கடக்காதீர்கள். கடந்தே ஆக வேண்டுமென்றால், ஒடுங்கிய இடத்தை விட்டு அகலமான இடத்தைத் தேடுங்கள். அகலத்தில்தான் ஆழம் குறையும். கீழே நீர்வீழ்ச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பையின் இடுப்பு வாரைக் கழற்றுங்கள், சப்பாத்தைக் கழற்றாதீர்கள். நீர் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, தடியை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக நகருங்கள். கயிற்றை இடுப்பில் முடிச்சுப் போடுவதுதான் பலர் செய்யும் பெரிய பிழை. விழுந்தவரைக் கயிறு தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துவிடும்.

மழை தொடர்ந்தால் மண்ணையும் பாருங்கள். பாதையில் புதிய வெடிப்பு, ஒரு பக்கம் சாய்ந்த மரங்கள், புதிய இடத்தில் ஊறும் சேற்றுத்தண்ணீர், ஓடிய ஊற்று திடீரென நிற்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சரிவுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் விலகி ஓடுங்கள். கீழ்நோக்கி ஓடினால் மண் உங்களை முந்தும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்புகளை மண் மூடியதும் 2016 மே மாதம் அரநாயக்கவில் நடந்ததும் பெருமழைக்குப் பிந்திய மண்சரிவுகள்தான்.

குளிர் ஏறியவரைக் கண்டுபிடிப்பது

இதை ஆறுதலாகப் படியுங்கள், ஏனென்றால் குளிர் ஏறியவருக்குத் தனக்குக் குளிர் ஏறியது தெரியாது. மற்றவர்தான் பார்க்க வேண்டும். முதலில் நடுக்கம். பிறகு ஆள் பின்தங்குவார், பகிடிக்குச் சிரிக்கமாட்டார், சட்டைப் பொத்தானைப் பூட்டக் கை பிசகும், பேச்சுக் குழறும், சமதரையில் தடுக்குவார். "எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள்" என்பார். பெருவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று பிசகினாலும் உடம்பின் உள்வெப்பம் இறங்குகிறது. 35 பாகைக்குக் கீழே போனால் அது நோய். சூடு வராமலே நடுக்கம் நின்றுபோனால் தேறிவிட்டார் என்று மகிழாதீர்கள். உடம்பு தோற்றுப்போன அடையாளம் அது.

உடனே தறப்பாளுக்குள் கொண்டுவாருங்கள். நிலத்தில் இருத்தாமல் பையின் மேல் இருத்துங்கள். ஈரத்துணி முழுவதையும் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள். கூச்சம் பார்க்கும் நேரமல்ல. தொப்பி போட்டு, குப்பைப் பையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேர் அணைத்தபடி இருங்கள். விழிப்பாக இருந்து தானே விழுங்க முடிந்தால் சீனித் தேநீர் கொஞ்சம் கொஞ்சமாக, அதோடு எள்ளுருண்டை. கைகால்களைத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் தோலில் குளிர்ந்து கிடக்கும் இரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும். தைலம் பூசினால் எரியும், சூடு வராது. சாராயம் கொடுக்கவே கூடாது. அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து உள்ளே மிஞ்சியிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். குளிருக்கு என்று யாராவது பையில் போத்தல் கொண்டுவந்திருந்தால் அடிவாரத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

லேசான நிலையில் தேறியவர் நடந்து இறங்கலாம், இரண்டு பேருக்கு நடுவே. பேச்சுக் குழறுபவரை நடத்தாதீர்கள். படுக்க வைத்து, குலுக்காமல், சூடு காத்து, உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

உதவிக்கு அழைக்க

117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 119 பொலிஸ், 1990 சுவசெரிய அம்புலன்ஸ். பள்ளத்துக்குள் அலைவரிசை கிடைக்காது. மின்னல் இல்லையென்றால் இரண்டு பேர் சேர்ந்து அருகிலுள்ள மேட்டுக்குப் போய் முயலுங்கள். பேச்சு அறுந்தாலும் குறுஞ்செய்தி போகும், அதனால் பொலிசுக்குச் சொல்லும்படி வீட்டு ஆளுக்கு ஒரு செய்தியும் அனுப்பிவிடுங்கள். தமிழில் பேச ஆள் கிடைக்கத் தாமதமானால் அருகிலுள்ள தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) ஒருவரை அனுப்புவது சில வேளை விரைவான வழி. பாதையும் மொழியும் இரண்டும் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். சொல்ல வேண்டிய வரிசை இது: எங்கே நிற்கிறீர்கள் (தொலைபேசி வரைபடம் காட்டும் இரண்டு எண்களையும் வாசியுங்கள்), எந்த வழியால் ஏறினீர்கள், எத்தனை பேர், யாருக்கு என்ன, அங்கே இப்போது மழையா மூடுபனியா, பற்றரி எத்தனை வீதம் மிச்சம். பிறகு அழைப்பைத் துண்டித்து, அவர்கள் திரும்ப எடுக்கும்படி போனைச் சும்மா வையுங்கள்.